கத்தி வைக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

குழந்தை தாமதமானால் எங்கள் கொங்குப் பக்கத்தில் முதலில் மருத்துவமனைப் படி ஏறுவது பெண்தான். என் மனைவியும் அப்படித்தான் ஏறினார். ஹார்மோன் பரிசோதனை, மாதாமாதம் ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரேக்குப் பிறகு வலி அடங்கவே அவருக்குப் பல நாட்களாயின. இவ்வளவும் முடிந்த பிறகுதான் என் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து மாதிரி கேட்டார்கள். விந்துப் பரிசோதனைக்கு வலி கிடையாது, செலவு குறைவு, முடிவும் பெரும்பாலும் அன்றைக்கே வந்துவிடும். அதைக் கடைசியில் வைத்துவிட்டு ஒரு பெண்ணை இத்தனை சோதனைகளுக்கு உட்படுத்துவது அநியாயம். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வாரத்தில் பரிசோதனை தொடங்க வேண்டும் என்று நான் இப்போது யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

என் அறிக்கையில் விந்தணு எண்ணிக்கைக்கு எதிரே ‘ஏதுமில்லை’ என்று இருந்தது. ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின் கீழ் எல்லை. எனக்கோ ஒன்றுகூட இல்லை. மருத்துவ உலகில் இதை அசூஸ்பெர்மியா என்கிறார்கள். ஆண்களில் நூற்றில் ஒருவருக்கு இந்த நிலை இருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்டக்கூடாது. சில வாரங்கள் இடைவெளி விட்டு இரண்டாவது முறை கொடுக்க வேண்டும். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் விந்து வெளியேறாமல் இருந்து கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், மாதிரியைச் சுழற்று எந்திரத்தில் சுற்றி, அடியில் தங்கும் படிவை நுண்ணோக்கியில் தேடச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று எழுதும் ஆய்வகங்கள் உண்டு. படிவில் நாலைந்து அணுக்கள் கிடைத்துவிட்டால் சிகிச்சையின் பாதையே மாறிவிடும்.

ஊரில் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்குத் தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை. தாடி மீசை, உடல் வலு, டெஸ்டோஸ்டிரோன் அளவு எல்லாம் சரியாகவே இருந்தன. விரைக்குள் ஹார்மோன் சுரக்கும் செல்கள் வேறு, விந்தணுவை உருவாக்கும் நுண்குழாய்கள் வேறு. முதலாவது முழுதாக வேலை செய்யும்போதே இரண்டாவது ஓய்ந்து கிடக்கலாம். அதனால்தான் இந்தக் குறை இருப்பவருக்கே அது தெரிவதில்லை.

நான் திருப்பூரில் துணிப் பதனிடும் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். துணியைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டென்டர் மெஷின் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவன். அறிக்கை வந்ததும் வீட்டில் எல்லோரும் அந்தச் சூட்டைத்தான் குற்றம் சாட்டினார்கள். “கண்ணு, அந்த வேலையை விட்டுவிடு” என்று அம்மா அழுதார். சூடு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும் என்பது உண்மைதான். விரைகள் உடலின் வெப்பத்தைவிடச் சற்றுக் குறைந்த வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே வெளியே அமைந்திருக்கின்றன. ஆனால், என்னோடு அதே மெஷினில் நிற்பவர்கள் பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். நண்பர்கள் லேகியம் வாங்கி வந்தார்கள். உறவினர் ஒருவர் நாக தோஷம் என்றார். அக்கறையால் சொன்னவர்கள்தான், யாரையும் குறை சொல்ல மனமில்லை. ஆனால் காரணம் தெரியாமல் ஓடிய அந்த மாதங்களில் என் மனைவியின் வயதும் ஓடியது. குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் வீணாகும் மாதங்களுக்கு ஈடு கிடையாது.

நாங்கள் சென்ற மருத்துவமனை ஒன்றில் என் விரைப்பையில் ரத்த நாளங்கள் புடைத்திருக்கின்றன, வெரிகோசில், அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று தேதியே குறித்துவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் வேறொரு ஆண்மையியல் மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போனோம். அவர் மணிமாலை போல் அளவு வரிசையில் கோத்த கருவியை வைத்து விரைகளின் அளவைப் பார்த்தார், சிறியவையாக இருந்தன. எஃப்எஸ்எச் ஹார்மோன் அதிகமாக இருந்தது. நுண்குழாய்கள் வேலை செய்யாதபோது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி விரட்டும். எனவே பாதையில் அடைப்பு இல்லை, உற்பத்தியிலேயே பிரச்சினை என்று புரிந்தது. “கத்தி வைப்பதற்கு முன் மரபணுவைப் பார்த்துவிடுவோம்” என்றார். இரண்டு பரிசோதனைகள் எழுதினார். ஒன்று குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் கேரியோடைப். ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை அதில் தெரிந்துவிடும். செல்களை வளர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் முடிவு வரத் தாமதமாகும். மற்றொன்று ஒய் குரோமோசோமில் நுண்ணிய துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குக் கொஞ்சம் ரத்தமும் சில ஆயிரம் ரூபாயும் போதும். குறித்த அறுவை சிகிச்சைக்கான செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

கேரியோடைப் சரியாக இருந்தது. இரண்டாவது அறிக்கையில் எஸ்ஒய் 254, எஸ்ஒய் 255 என்ற இரண்டு குறிகளுக்கு எதிரே ‘காணப்படவில்லை’ என்று அச்சாகியிருந்தது. அந்த இரண்டு குறிகளும் இருக்க வேண்டிய இடம் டாஸ் என்ற மரபணு.

இந்த மரபணுவைப் பற்றி அன்றிலிருந்து நான் தேடித் தேடிப் படித்தேன். 1976இல் இத்தாலியில் டியெபோலோ, சுஃபார்டி என்ற இரு ஆய்வாளர்கள் குழந்தைப்பேறு பிரச்சினை உள்ள 1,170 ஆண்களின் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். அவர்களில் 6 பேருக்கு ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் நுனி இல்லை. ஆறு பேருக்குமே விந்தணு இல்லை. அங்கே ஏதோ ஒரு காரணி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1995இல், அமெரிக்காவில் டேவிட் பேஜின் ஆய்வகம் விந்தணு இல்லாத 89 பேரைச் சோதித்தது. 12 பேருக்கு ஒய் குரோமோசோமில் ஒன்றோடொன்று மேற்படியும் துண்டுகள் விடுபட்டிருந்தன. அந்த இடத்தில் கண்ட மரபணுவுக்குத்தான் டாஸ் என்று பெயரிட்டார்கள். உடலின் வேறெந்த உறுப்பிலும் அது வேலை செய்வதில்லை. விரையில், விந்தணுவாக மாறப்போகும் செல்களுக்குள் மட்டுமே விழித்துக்கொள்கிறது. அது உருவாக்கும் புரதம் ஆர்என்ஏ இழைகளைப் பற்றிக்கொண்டு, எந்தப் புரதம் எப்போது தயாராக வேண்டும் என்பதில் பங்கு வகிக்கிறது. பழ ஈக்களிலும் இதற்கு ஓர் உறவு மரபணு இருக்கிறது. அது கெட்டுப்போன ஆண் ஈக்களுக்கும் விந்தணு உருவாவதில்லை. மனிதர், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள் ஆகியோரின் பொது மூதாதையரில் இந்த மரபணுக் குடும்பத்தின் ஒரு நகல் ஒய் குரோமோசோமில் வந்து அமர்ந்தது. மனித ஆணுக்குப் பொதுவாக டாஸ் நான்கு நகல்களாக இருக்கிறது. எனக்கு நான்கும் இல்லை.

ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை கிடைத்த நாளில்தான் எனக்கு மூச்சு வந்தது. ஒய் குரோமோசோமின் அந்தப் பகுதி முழுக்க ஒரே டிஎன்ஏ எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் நீண்ட தொடர்கள். ஓலைச்சுவடியைப் பார்த்துப் படியெடுப்பவரின் கண், ஒரே சொற்களில் தொடங்கும் இரண்டு வரிகளில் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிட்டால், நடுவில் இருந்த பாடல்கள் மொத்தமும் புதிய ஏட்டில் விடுபட்டுப் போகும். அப்படித்தான் இங்கேயும் நடக்கிறது. ஒத்த தொடர்கள் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்துகொள்ள, நடுவில் இருந்த சுமார் 35 லட்சம் எழுத்துகள், டாஸின் நான்கு நகல்களோடும் வேறு சில மரபணுக்களோடும் சேர்ந்து வெளியேறிவிடுகின்றன. பெரும்பாலும் இது தந்தையின் விந்தணு உருவாகும் வேளையில் புதிதாக நேர்வது. சூடு காரணமில்லை, கைப்பேசி காரணமில்லை, யாருடைய பாவமும் காரணமில்லை. நான் பிறக்கும் முன்பே நடந்து முடிந்தது. மெஷின் பக்கத்தில் எத்தனை ஆண்டுகள் நின்றேன் என்பதற்கு இதில் இடமே இல்லை.

இது ஏதோ வெளிநாட்டு நோயும் அல்ல. ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் தங்கராஜ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், விந்தணு இல்லாத 340 இந்திய ஆண்களில் 29 பேருக்கு ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருந்தது. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல். இவ்வளவு பேருக்கு இருக்கும் ஒரு காரணத்தைச் சோதிக்காமல் அறுவை மேஜைக்கு அனுப்புவது எப்படிச் சரியாகும்?

அறிக்கையை வாங்கியவர்கள் பார்க்க வேண்டியது எந்தப் பகுதி விடுபட்டிருக்கிறது என்பதைத்தான். ஒய் குரோமோசோமில் ஏஇசட்எஃப் என்ற இடத்தை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். ஏ பகுதி முழுதாக இல்லாதவர்களுக்கு நுண்குழாய்களில் விந்தணுவின் மூலச் செல்களே இருப்பதில்லை. பி பகுதி முழுதாக இல்லாவிட்டால் செல்கள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடும். இந்த இரு சாராரிடமும் விரையைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை என்பதால், அறுவை சிகிச்சை வேண்டாம் என்றே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. டாஸ் இருக்கும் சி பகுதி மட்டும் விடுபட்டவர்களுக்குக் கதை வேறு. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விரையின் ஏதாவது ஒரு மூலையில் விந்தணு உருவாகிக்கொண்டிருக்கும். சிலருக்கு விந்திலேயே மிகக் குறைந்த எண்ணிக்கையில் வெளிப்படும். டாஸுக்கு நெருங்கிய உறவான ஒரு மரபணு மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. அது ஓரளவு ஈடுகொடுப்பதும் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

என் ஆலையில் வேலை செய்யும் நண்பர் ஒருவருக்கு நான் சொல்லித்தான் இந்தப் பரிசோதனை நடந்தது. பி பகுதி முழுதாக இல்லை என்று வந்தது. அன்று மாலை அவர் அழுததை நான் பார்த்தேன். ஆனாலும் பயனில்லாத ஓர் அறுவையிலிருந்தும், அதற்காக வாங்க இருந்த கடனிலிருந்தும் அவர் தப்பினார். தானம் பெற்ற விந்தணு வேண்டுமா, தத்தெடுப்பதா என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசினார்கள். தத்தெடுப்பதற்குப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் அந்த முடிவுக்கு வர எடுத்துக்கொண்ட நிதானத்தை நான் மதிக்கிறேன்.

எனக்குக் குறித்திருந்த வெரிகோசில் அறுவை ரத்தானது. விடுபட்டுப் போன மரபணுவை ரத்த நாளத்தைக் கட்டுவதால் திரும்பக் கொண்டுவர முடியாது. மாத்திரை, ஊசி, லேகியம் எதனாலும் முடியாது. இதையெல்லாம் விற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் ஒய் குரோமோசோம் அறிக்கையைப் பார்த்தீர்களா? இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ‘ஆண் ஹார்மோன்’ என்று சொல்லி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் தரும் ஸ்டீராய்டுகளும் இதே வகைதான். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் மூளை தன் சமிக்ஞையை நிறுத்திவிடும்; உருவாகிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்ச விந்தணுவும் நின்றுபோகும்.

அடுத்து வந்த கேள்விதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது. என் விந்தணுவால் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இதே துண்டு விடுபட்டே இருக்கும். மகள் என்றால் ஒய் போவதில்லை, எனவே இந்தக் கவலை இல்லை. பெண் குழந்தையாகவே பெற்றுக்கொள்ள முடியாதா என்று கேட்கத் தோன்றும். கருத்தரிப்புக்கு முன்போ பின்போ பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதை நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் சட்டமும் அதன் திருத்தமும் தடுக்கின்றன. 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் தடுக்கிறது. பெண் சிசுக்களை இழந்த நம் மாநிலத்தில் அந்தத் தடை ஏன் இத்தனை கடுமையாக இருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. என் மனைவி சொன்னதுதான் முடிவானது: “உங்களைப் போல் ஒருவன் பிறந்தால் அதில் எனக்கு என்ன குறை? மறைக்காமல் வளர்ப்போம்.”

முடிவெடுப்பதற்கு முன் என் தந்தைக்கும் தம்பிக்கும் அதே பரிசோதனையைச் செய்யச் சொன்னார் மருத்துவர். சி பகுதி விடுபட்ட ஆண்களுக்கும் அரிதாக இயல்பாகவே குழந்தை பிறப்பதுண்டு. என் தந்தைக்கும் அப்படி இருந்தால் தம்பிக்கும் இது இருக்கும். தம்பிக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தயங்கினார். தம்பி, “அண்ணா, தெரிந்துகொண்டு கல்யாணம் செய்வதுதான் அந்தப் பெண்ணுக்கு நான் செய்யும் நியாயம்” என்று சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குத் தானே போய் ரத்தம் கொடுத்தான். இருவருக்கும் ஒய் முழுதாக இருந்தது. என்னிடம் மட்டுமே புதிதாக நேர்ந்த விடுபாடு இது என்று உறுதியானது. பரம்பரையில் குறை என்ற பேச்சு எங்கள் வீட்டில் அன்றோடு ஓய்ந்தது.

மைக்ரோ டீஸி என்ற அறுவை சிகிச்சையை நியூயார்க்கில் பீட்டர் ஷ்லெகல் 1999இல் வெளியிட்டார். விரையைத் திறந்து, அறுவை நுண்ணோக்கி வழியாக ஒவ்வொரு பகுதியாகத் தேடுவார்கள். வெறுமையான நுண்குழாய்கள் மெலிந்திருக்கும். விந்தணு உருவாகும் குழாய்கள் சற்றுத் தடித்து, வெண்மையாகத் தெரியும். அந்தத் தடித்த குழாயை மட்டும் எடுத்துப் பக்கத்து ஆய்வகத்தில் காத்திருக்கும் கருவியல் நிபுணரிடம் கொடுப்பார்கள். சில மணி நேரம் ஆகும். கண்ணை மூடிக்கொண்டு ஊசியால் குத்தி எடுப்பதைவிட இதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், திசு சேதமும் குறைவு. இதைச் செய்யும் மருத்துவரிடம் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், மரபணுக் காரணம் உள்ளவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்படமாட்டார். அறுவை நாளன்று காலையில் மறுபடி ஒரு விந்து மாதிரி கொடுத்துப் படிவைத் தேடச் சொல்லுங்கள். சி பகுதி விடுபட்டவர்களுக்கு எதிர்பாராமல் சில அணுக்கள் தென்படலாம், கத்தியே தேவைப்படாமல் போகலாம்.

கருமுட்டை எடுக்கும் நாளிலேயே இந்த அறுவையைச் செய்வதா, முன்கூட்டியே செய்து கிடைத்ததை உறைய வைப்பதா என்று கேட்டார்கள். நான் முன்கூட்டியே என்றேன். எனக்குக் கிடைக்காமல் போனால் என் மனைவி ஊசிகளை எல்லாம் வீணாகப் போட்டுக்கொண்டவர் ஆவார். உறைய வைத்தால் சில அணுக்கள் உயிர் பிழைக்காமல் போகும் அபாயம் உண்டு. அதைச் சொல்லித்தான் கேட்டார்கள். அந்த அபாயம் என் பக்கம் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

கிடைத்தது. வலது விரையில் ஒன்றும் இல்லை, இடது விரையின் மேற்பகுதியில் கொஞ்சம் இருந்தது. வீக்கம் குறையும் வரை பனிக்கட்டி ஒத்தடம், இறுக்கமான உள்ளாடை, பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். அறுவைக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் சில காலம் குறையலாம் என்பதால் அந்த அளவைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு இக்சி முறை: ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவது. 1992இல் பிரஸ்ஸல்ஸில் பலேர்மோ குழுவினர் அதில் வெற்றி கண்டிருக்காவிட்டால் என்னைப் போன்றவர்கள் தந்தையாக வழியே இருந்திருக்காது. முதல் கரு தங்கவில்லை. பிறகு தங்கியது. மகன் பிறந்தான்.

பரிசோதனையில் ஒய் முழுதாக இருக்கிறது என்று வந்தவர்களும் அத்தோடு மரபணுத் தேடலை விட்டுவிட வேண்டாம். எக்ஸ் குரோமோசோமில் டெக்ஸ் 11 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதில் பழுது இருந்தால் செல் பிரிதல் பாதியில் நின்று விந்தணு உருவாகாமல் போகிறது என்று 2015இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அது தாய் வழியாக வருவது. தாய்க்கு எந்தப் பாதிப்பும் தெரியாது. இப்படிப் பல மரபணுக்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்துகொண்டிருக்கின்றன. அறிக்கையில் ‘ஜிஆர் ஜிஆர்’ என்று சிறு விடுபாட்டைக் குறிப்பிட்டிருந்தால் மட்டும் பதற வேண்டாம். அது டாஸின் பாதி நகல்கள் போவது. அந்த விடுபாட்டோடு இயல்பாகக் குழந்தை பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். மரபியல் ஆலோசகரிடம் கேட்டே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

என் மகனுக்கு இப்போது இந்தப் பரிசோதனை தேவையில்லை. முடிவு என்னவாக இருக்கும் என்று எங்களுக்கே தெரியும். அவன் உடல் வளர்ச்சிக்கோ அறிவு வளர்ச்சிக்கோ இதனால் குறை வராது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சி பகுதி விடுபட்டவர்களுக்கு இளம் வயதில் விந்தணு கொஞ்சம் இருந்து, வயது ஏற ஏறக் குறைந்துபோவதுண்டு. எனக்கு அந்தக் கால அளவு யாருக்கும் தெரியாமலே கழிந்துவிட்டது. அவனுக்கு அப்படிக் கழியவிடக்கூடாது. பருவமடைந்து, புரிந்துகொள்ளும் வயது வந்ததும் நானே சொல்வேன். பதினெட்டைத் தாண்டியதும் ஒரு விந்துப் பரிசோதனை. ஓர் அணு தென்பட்டாலும் உறைய வைத்துவிட வேண்டும். என் அறிக்கைகளின் நகல்களை அவன் பெயரில் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றை எடுத்துக்கொண்டு எந்த மருத்துவரிடம் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை என் மனைவி தன் கையெழுத்தில் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.